ராக்குவின் முகம்

செண்பகவல்லி டீச்சரிடம் படம் கற்க வந்தவர்களில் டீச்சரைவிட வயதில் மூத்தவர் ஒருவர்தான். பெயர் தவசிமுத்து. டீச்சருக்கு முப்பத்து நான்கு வயது. அவருக்கு ஐம்பத்தொன்று.

டீச்சர் வீடு கோவில்பட்டியில் ரயில்வே கேட்டுக்குப் பக்கம். வாரநாட்களில் பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர். அதற்கு முன்னால் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் ஏழு வருஷம் படம் போட்டவர். அட்டையின்மேல் வெள்ளைக் களிமண் பூசி, அது காய்ந்ததும் கறுப்பு மை ஏற்றுவார். கூரான ஒன்றால் மையைக் கீறினால் அடியிலிருக்கும் வெள்ளை தெரியும். அச்சகத்தில் அதற்கு ஸ்கிராப்பர் போர்டு என்று பேர். டீச்சர் கீறல் படம் என்பார்.

தவசிமுத்து பார்சல் ஆபீஸில் வேலை பார்த்தார். ஒரு நாள் அந்த அச்சகத்துக்குக் கட்டு எடுக்கப் போனபோது சுவரில் ஒரு கன்றுக்குட்டி படத்தைப் பார்த்தார். படம் முழுக்கக் கறுப்பு. கன்றின் ஒரு காதிலும் கன்னத்திலும் மட்டும் வெளிச்சம். இருட்டுக்குள்ளிருந்து அப்போதுதான் தலையை நீட்டியதுபோல இருந்தது. கட்டை மறந்து அதன் முன்னால் நின்றுவிட்டார்.

யார் போட்டது என்று விசாரித்துக்கொண்டு இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை டீச்சர் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பை. பழைய லாரிச் சிநேகிதன் ஒருவனிடம் சொல்லி மெட்ராஸிலிருந்து எல்லாம் வரவழைத்திருந்தார். பையைப் பாயில் கவிழ்த்தார். மரப்பிடி போட்ட கீறல் நிப்புகள், ஆஸ்பத்திரியில் அறுவைக்கு வைத்திருக்கும் மெல்லிய பிளேடுகள், விதவிதமான ஊசிகள், ஒரு சுருள் எஃகு நார், வெளிநாட்டு அட்டை நான்கு.

"இதுல எது நல்லது டீச்சர்?"

டீச்சர் எதையும் தொடவில்லை.

"என்ன வரையப் போறீங்க அண்ணாச்சி?"

"ஒரு முகம்."

"யார் முகம்?"

தவசிமுத்து பாயின் கோரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெரியவங்களா, சின்னப் பிள்ளையா?"

"சின்னப் பிள்ளை."

"முன்னாடி ஏதாவது வரைஞ்சிருக்கீங்களா?"

"லாரிக்குப் பின்னால 'ஒலி எழுப்பவும்'னு எழுதியிருக்கேன். அவ்வளவுதான்."

டீச்சர் வெளிநாட்டு அட்டை ஒன்றை எடுத்தார். இரண்டு கையாலும் பிடித்து லேசாக வளைத்தார். கறுப்பு மேனியில் குறுக்கே முடிபோல ஒரு வெள்ளைக் கோடு ஓடியது. களி வெடித்துவிட்டது.

தவசிமுத்துவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. 

"இது அச்சகத்துக்கு நல்ல அட்டை," என்றார் டீச்சர். "மேஜைமேலேயே கிடக்கும். ஒரு தடவை போட்டோ எடுத்து அச்சுக்கு பிளாக் போட்டுட்டா அதோட வேலை முடிஞ்சது. உங்க படம் எங்க இருக்கப் போகுது?"

"தூரமாப் போகணும். பஸ்ல. பிறகு நடந்து."

"அங்க போய்?"

"குடிசைல மாட்டணும்."

"அப்ப இது ஆகாது. ஹார்டுபோர்டுல நாமளே பூசிக்கிடுவோம். அடுத்த வாரம் கொஞ்சம் வஜ்ஜிரம் வாங்கிட்டு வாங்க."

வஜ்ஜிரம் தச்சர்கள் மரம் ஒட்டுகிற பசை. அதை ஊறவைத்துக் காய்ச்சி, சலித்த வெள்ளைக் களியைக் கலந்து பலகையில் பூச வேண்டும். தவசிமுத்து பூசிய முதல் பலகை காய்ந்ததும் கோடையில் கண்மாய் வெடிப்பதுபோல வெடித்தது. பசை கூடிப்போயிருந்தது. இரண்டாவது பலகையை டீச்சர் விரல் நகத்தால் ஒரு தேய்ப்புத் தேய்த்தார். மாவாக உதிர்ந்தது. பசை போதவில்லை. மூன்றாவதில் ஏழு பூச்சு. ஒரு பூச்சு நெட்டுக்கு, அடுத்தது குறுக்கே. ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பு.

"எதுக்கு டீச்சர் ஏழு தடவை?"

"தப்புப் போடுற அளவுக்கு மண்ணு இருக்கணும். ஒரு பூச்சுதான்னா முதத் தப்புலயே பலகை பல்லைக் காட்டிரும்."

மை ஏற்றிய பிறகும் முகம் வரைய விடவில்லை. ஒரு முடி கீறச் சொன்னார். ஒரே ஒரு முடி. அதையே நிப்பால், பிளேடால், ஊசியால், மறுபடி பிளேடால். பலகை முழுக்க முடி. தவசிமுத்து கொண்டுவந்த கருவிகளில் எது என்ன தடம் விடும் என்று நாள் போகப்போக அவர் கைக்கே தெரிந்தது. பிளேடு அகலமாய், பளிச்சென்று சீவும். ஊசி நூல்போல இழுக்கும். எஃகு நாரைப் பட்டும் படாமலும் தேய்த்தால் பனி இறங்கினதுபோல இருக்கும்.

"பிளேடு ஆழமா இறங்குது டீச்சர்."

"அழுத்துறீங்க. ஸ்டியரிங் பிடிச்ச கை."

"இருபத்தஞ்சு வருஷம் பிடிச்சேன்."

"ஏன் விட்டீங்க?"

அவர் முடி கீறிக்கொண்டே இருந்தார். 

ஆறாம் மாதம் முகம் தொடங்கினார். கண்ணிலிருந்து தொடங்கினார். எல்லாப் பலகையிலும் அதே முகம். ஆறு வயது இருக்கும் ஒரு பெண்பிள்ளை. அகலத் திறந்த கண், இறுக மூடின வாய், நெற்றியில் ஒட்டின ஈர முடி. முகம் முழுக்க வெள்ளை அடித்துப்போயிருந்தது. மூக்குக்கு நிழல் இல்லை. கன்னத்துக்கு வளைவு இல்லை. நான்கு பலகை அப்படியே போயின.

ஐந்தாவதைத் தொடங்கின அன்று டீச்சர் பின்னால் வந்து நின்றார்.

"இந்த வெளிச்சம் எங்கேர்ந்து வருது?"

"முன்னால இருந்து."

"எவ்வளவு உயரத்துல?"

"இடுப்பு உயரம்."

டீச்சர் பலகைக்குப் பக்கத்தில் குனிந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"ரெண்டு விளக்கா?"

தவசிமுத்து பிளேடைக் கீழே வைத்தார். கை தானாக வேட்டியில் துடைத்துக்கொண்டது.

"ரெண்டு," என்றார்.

டீச்சர் எதிரே உட்கார்ந்தார்.

"சாயல்குடி தாண்டிக் கடற்கரை ரோடு. உப்பு லோடு. விளக்குப் போடுற நேரம். மழைத் தூறல் வேற. நாப்பதுலதான் போறேன். ஒரு ஆட்டுக்குட்டி குறுக்க ஓடுச்சு. பின்னாலயே இந்தப் பிள்ளை. நடு ரோட்டுல நின்னு திரும்பிப் பாத்துச்சு. பிரேக்குல ஏறித்தான் நின்னேன் டீச்சர். ஈர ரோடு. லோடு தள்ளிருச்சு."

வெளியே ரயில் ஒன்று போனது. 

"மெதுவாத்தான் வந்தான்னு நாலு பேரு கோர்ட்டுல சொன்னாங்க. விட்டுட்டாங்க. அன்னைக்கு வராந்தாவில ஒரு பேப்பர்க்காரர் பிள்ளையோட அம்மாகிட்ட போட்டோ இருக்கான்னு கேட்டார். கரிமூட்டத்துல வேலை செய்யறவங்க. போட்டோ ஏதுங்கன்னாங்க. நாள் ஆக ஆக மூஞ்சியே மறந்திரும்போல இருக்குன்னு சொல்லி அழுதாங்க. யாரப் பாத்தும் சொல்லல. பொதுவாச் சொன்னாங்க. நான் தூணுக்கு இந்தப் பக்கம் நிக்கேன்."

"எத்தனை வருஷம் ஆச்சு?"

"நாலு. அவங்களுக்கு மறக்குது. எனக்கு மறக்க மாட்டேங்குது. எங்கிட்ட இருக்கறத அவங்ககிட்ட குடுத்துட்டா..."

பலகையை டீச்சர் பக்கம் திருப்பி வைத்தார்.

டீச்சர் உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அவர் குடித்து முடித்ததும், கீழே கிடந்த பிளேடை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு ஊசியை நீட்டினார்.

"கண்ணுக்கு பிளேடு வேண்டாம். இதை எடுங்க."

அந்த ஐந்தாவது பலகை முடிய இரண்டு மாதம் ஆனது. தூறலுக்கு எஃகு நார், ஈர முடிக்குப் பிளேடின் முனை, கண்ணுக்கும் இமைக்கும் ஊசி. மூக்கின் ஓரத்திலும் தாடைக்கு அடியிலும் கறுப்பைக் கீறாமல் விடச் சொல்லிக்கொடுத்தார் டீச்சர். கறுப்பை விட்ட இடத்தில்தான் முகம் உருண்டு எழுந்தது. கடைசியாகக் கண்மணியில் இரண்டு புள்ளி வைத்தார் தவசிமுத்து. இரண்டு விளக்கு.

டீச்சர் பலகையை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெகு நேரம் பார்த்தார்.

"உசுரு இருக்கு அண்ணாச்சி."

"கொண்டுபோய்க் குடுக்கட்டுமா?"

டீச்சர் உள்ளே போனார். பழைய பருத்திச் சேலை ஒன்றைக் கிழித்து, பலகையைச் சுற்றிக் கட்டிக் கொடுத்தார்.

பஸ் மாறி மாறிப் போய் இறங்கி, சீமைக்கருவேலங்காட்டுக்குள் இரண்டு மைல் நடந்தார் தவசிமுத்து. விறகை மண்ணால் மூடிக் கரியாக்கும் மூட்டங்கள் புகைந்துகொண்டிருந்தன. பிள்ளையின் தாய் பேர் அரியநாச்சி. வேலிக்கருவை விறகை வெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். முப்பது வயதுக்கு மேல் இருக்காது. தலையில் கட்டியிருந்த துண்டு கரியேறிக் கிடந்தது.

"நான் தவசிமுத்து," என்றார்.

"தெரியும். கோர்ட்டுல பாத்திருக்கேன்."

அரியநாச்சி அரிவாளை விறகில் கொத்திவைத்தார். குடிசைக்குள் போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார் தவசிமுத்து. குடிக்காமல் கீழே வைத்தார்.

"என்ன விஷயமா வந்தீங்க?"

"பிள்ளை போட்டோ இல்லைன்னு அன்னைக்குச் சொன்னீங்க தாயி."

சேலைத் துணியை அவிழ்த்தார். அரியநாச்சி கையைப் புடவையில் அழுந்தத் துடைத்துவிட்டு இரு கையாலும் பலகையை வாங்கினார்.

தவசிமுத்து அவர் முகத்தைப் பார்க்கத் துணியாமல் மூட்டத்துப் புகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எம் பிள்ளைதான்," என்றார் அரியநாச்சி. "ராக்குதான்."

விரலை எடுத்து நெற்றி முடிக்கு அருகில் கொண்டுபோனார். தொடவில்லை.

"ஆனா எம் பிள்ளை இப்படிப் பயந்து நான் பாத்ததே இல்லங்க."

பலகையை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டார். அதன் முதுகில் உள்ளங்கையை விரித்து, தொட்டிலைத் தட்டுவதுபோல இரண்டு தட்டுத் தட்டினார். அழவில்லை.

"மூஞ்சி மறக்குதேன்னு இத்தனை நாளும் அழுதேன். இனிமே கண்ணை மூடுனா இதுதான வரும்."

தவசிமுத்து சேலைத் துணியை நான்காக மடித்தார். மன்னிக்கச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தார். 

"நீங்க கெட்ட எண்ணத்துல வரல. தெரியுது," என்றார் அரியநாச்சி. "ஆனா இதை எடுத்துட்டுப் போயிருங்க. இது நீங்க பாத்தது. உங்ககிட்டயே இருக்கட்டும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை டீச்சர் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்ததும் தவசிமுத்து நடந்ததைச் சொன்னார். சொல்லி முடித்துவிட்டுப் பலகையை முன்னால் தள்ளினார்.

"மை பூசி மூடிருங்க டீச்சர்."

டீச்சர் பலகையை எடுத்துப் பார்த்தார்.

"நான் அன்னைக்கே தடுத்திருக்கணும்," என்றார் பிறகு. "கண்ணு அவ்வளவு நல்லா வந்திருந்துச்சு. என்னமோ சரியில்லன்னு மனசுல பட்டுச்சு. வேலை நேர்த்தியப் பாத்து ஏமாந்துட்டேன்."

"நீங்க என்ன செய்வீங்க. மூடிருங்க."

டீச்சர் எழுந்துபோய் அலமாரியிலிருந்து தன்னுடைய பழைய பயிற்சிப் பலகை ஒன்றை எடுத்தார். ஒரு மயிலைப் பாதி கீறி விட்டிருந்தது. மைப்புட்டியைத் திறந்து, அகலத் தூரிகையால் மயிலின்மேல் ஒரே வீச்சாகப் பூசினார். மயில் போய்விட்டது. காயும்வரை இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். காய்ந்ததும் பலகையைச் சாய்த்துப் பிடித்தார்.

"தெரியுதா?"

"தெரியுது." சாய்ந்த வெளிச்சத்தில் தோகையின் ஒவ்வொரு இழையும் கறுப்புக்குள் கறுப்பாகக் கிடந்தது.

"மை நிறத்தைத்தான் மூடும். பள்ளம் பள்ளமாவே இருக்கும். இதுமேல புதுசாக் கீறுனா பழைய கோடு ஊசியை இழுத்துக்கிடும்."

"அப்ப புதுப் பலகை பூசறேன்."

"பூசலாம். புதுசா என்ன தெரியும் உங்களுக்கு?"

தவசிமுத்து நிமிர்ந்து பார்த்தார்.

"அந்தப் பிள்ளை எப்படி இருப்பான்னு அந்தம்மாகிட்ட கேட்டீங்களா?"

"கேக்கல."

"ஒரு நிமிஷம் பாத்திருக்கீங்க. அவங்க ஆறு வருஷம் பாத்தவங்க."

மறுபடி அங்கே போக அவருக்கு ஒரு மாதம் ஆனது. இரண்டு தடவை பஸ் ஸ்டாண்டு வரை போய்த் திரும்பினார். மூன்றாம் தடவை போய்ச் சேர்ந்தபோது அரியநாச்சி அவரைப் பார்த்துவிட்டு விறகு வெட்டுவதை நிறுத்தவில்லை. தவசிமுத்துவும் ஒன்றும் கேட்கவில்லை. வெட்டிப்போட்ட விறகை எடுத்து மூட்டத்துக்குப் பக்கத்தில் அடுக்கினார். லோடு அடுக்கிப் பழகிய கை. சாயங்காலம் பஸ்ஸுக்கு நேரமானதும் கிளம்பினார்.

அடுத்த மாதமும் போனார். விறகு அடுக்கினார். வந்தார்.

அதற்கு அடுத்த தடவை, குனிந்து வெட்டிக்கொண்டே அரியநாச்சி சொன்னார்.

"அவளுக்கு முன்பல்லு ரெண்டு விழுந்திருந்துச்சு. உங்களுக்குத் தெரியாது."

"தெரியாது தாயி."

"வாயத் தொறந்தாத்தான தெரியும்."

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. பல் விழுந்த வெட்கத்தில் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். எண்ணெய் வைத்தாலும் உச்சியில் ஒரு கொத்து முடி எழுந்து நிற்கும். காது குத்தின ஓட்டை ஒரு பக்கம் தூர்ந்துவிட்டது. ஆட்டுக்குட்டிக்குத் தன் பேரையே வைத்திருந்தாள். ராக்கு என்று கூப்பிட்டால் இரண்டும் ஓடிவரும். சில நாள் அரியநாச்சி பாதியில் நிறுத்திவிடுவார். "அது அவளா, எங்க அக்கா மகளா, தெரியல," என்பார். நிறுத்திவிட்டு வெகு நேரம் வெட்டுவார். தவசிமுத்து காத்திருப்பார்.

ஒரு நாள் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும்போது தவசிமுத்துவே கேட்டார்.

"எந்தப் பக்கத்து வெளிச்சத்துல பாப்பீங்க தாயி, பிள்ளைய?"

அரியநாச்சிக்கு முதலில் விளங்கவில்லை. யோசித்தார்.

"மூட்டத்துக்குப் பக்கத்துல வரவிட மாட்டேன் அண்ணே. சூடு. அந்தா, அந்த மேட்டுல நின்னுதான் கூப்பிடுவா. சாயங்கால வெயிலு பின்னால இருக்கும். எனக்குக் கண்ணு கூசும். மூஞ்சி சரியாத் தெரியாது. சிரிக்கான்னு மட்டும் தெரியும்."

அப்போதுதான் முதல்முறையாக அண்ணே என்று சொன்னார். அப்படிச் சொன்னதை அரியநாச்சியே கவனித்ததாகத் தெரியவில்லை. தவசிமுத்து கஞ்சியைக் கீழே வைத்துவிட்டு மேட்டைப் பார்த்தார். மேட்டில் யாரும் இல்லை.

டீச்சரிடம் இதைச் சொன்னபோது புதுப் பலகை தயாராக இருந்தது. ஏழு பூச்சு. தவசிமுத்து கருவிகள் எல்லாவற்றையும் வரிசையாக எடுத்துவைத்திருந்தார்.

"முகத்தைக் கீறாதீங்க," என்றார் டீச்சர்.

"முகம்தான டீச்சர் வேணும் அவங்களுக்கு?"

"வெயில் பின்னாலன்னு சொன்னாங்கல்ல. முகத்துக்கு வெளிச்சம் எங்கேர்ந்து வரும்?"

தவசிமுத்து கறுப்புப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சர் மற்ற எல்லாவற்றையும் பைக்குள் போட்டுவிட்டு ஓர் ஊசியை மட்டும் பாயில் விட்டார்.

உச்சியில் எழுந்த முடிக் கொத்து. காதின் ஓரம். தோளின் ஓரம். வாயைப் பொத்தின கையின் நான்கு விரல் நுனி. மேலே தூக்கின கன்னத்தின் விளிம்பில் ஒரு மெல்லிய கோடு. நடுவில் எல்லாம் கறுப்பு. அந்தக் கறுப்பைத் தொடாமல் விடத்தான் தவசிமுத்துவுக்குப் பெரும்பாடாக இருந்தது. அந்தக் கண் எங்கே இருக்கும் என்று அவர் கைக்குத் தெரியும். ஊசி அந்த இடத்துக்கு வந்து வந்து நின்றது. ஒவ்வொரு தடவையும் கையைத் தூக்கிக்கொண்டு எழுந்துபோய் வாசலில் நின்றுவிட்டு வந்தார்.

தை மாதம் கொண்டுபோய்க் கொடுத்தார்.

அரியநாச்சி பலகையைத் தூரப் பிடித்துப் பார்த்தார். கிட்டக் கொண்டுவந்து பார்த்தார். குடிசை வாசலுக்கு எடுத்துப்போய்ப் பார்த்தார். தவசிமுத்து இந்தத் தடவை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ராக்குவா?" என்று கேட்டார்.

"சரியாத் தெரியல அண்ணே."

காற்று திரும்பிப் புகை இவர்கள் பக்கம் வந்தது. அரியநாச்சி முந்தானையால் பலகையை மூடிக்கொண்டார். புகை விலகினதும் எடுத்து மறுபடி பார்த்தார்.

"ஆனா சிரிக்கா," என்றார்.

குடிசைக்குள் கொண்டுபோய், சாமான் தொங்கவிட்டிருந்த ஆணியில் இருந்ததை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, அதில் மாட்டினார். வெளியே வந்து அரிவாளை எடுத்துக்கொண்டு விறகுக்குப் போனார். தவசிமுத்து அன்றைக்கும் பஸ் நேரம்வரை அடுக்கிவிட்டுத்தான் கிளம்பினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டீச்சர் கதவைத் திறந்தபோது அவர் பையோடு நின்றுகொண்டிருந்தார்.

"குடுத்துட்டீங்களா அண்ணாச்சி?"

"குடுத்துட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"சரியாத் தெரியலன்னாங்க. பிறகு மாட்டிக்கிட்டாங்க."

டீச்சர் தலையசைத்தார். இருவரும் உட்கார்ந்தார்கள். தவசிமுத்து பையிலிருந்து சேலைத் துணி சுற்றின பலகையை எடுத்தார். முடிச்சை அவிழ்க்கவில்லை.

"இந்தப் பழசு இத்தனை நாளும் வீட்டுல பரண்மேல கிடந்துச்சு. நான் தூங்கறதில்ல டீச்சர். மூட முடியாதுன்னு நீங்க சொல்லிட்டீங்க. அந்தம்மாவுக்கும் வேண்டாம். அவங்ககிட்ட வேற படம் இருக்கு. இதை யாரும் பாக்கப் போறதில்ல." பலகையை மடியில் திருப்பி வைத்தார். "அடுப்புல போட்டுரட்டுமா?"

டீச்சர் கை நீட்டிப் பலகையை வாங்கினார். முடிச்சை அவிழ்த்து, துணியை ஒவ்வொரு மடிப்பாக விலக்கினார். ஈர முடி ஒட்டின நெற்றி, இறுக மூடின வாய், கண்ணில் இரண்டு விளக்கு. வெகு நேரம் பார்த்தார். பார்த்துவிட்டு மறுபடி துணியைச் சுற்றி, முடிச்சுப் போட்டு, இரு கையாலும் அவரிடமே நீட்டினார்.

"அவங்க அம்மா அவளை இப்படிப் பாக்கல. வேற யாருமே பாக்கல. நீங்க ஒருத்தர்தான் பாத்தீங்க," என்றார். "இதையும் எரிச்சிட்டா, அந்தக் கடைசி நேரத்துல அவகூட யார் இருப்பா அண்ணாச்சி?"